மருமகள் 'வெளிநாட்டுக்காரி' ஆன நாள்

மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்களுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

எனக்குத் தென்காசி. என் மகன் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை விரும்பினான். பூட்டனார் காலத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். இங்கே எந்த ஊர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்களிடம் இல்லை. 2018-ல் எங்கள் ஊர் காசி விஸ்வநாதர் கோயிலில் கல்யாணம் நடந்தது. "கையோடு ரிஜிஸ்தர் பண்ணிடுங்க" என்று சம்பந்தியம்மா பிடிவாதமாகச் சொன்னார். "சாமி சன்னதியில தாலி கட்டியாச்சு, பேப்பர் எதுக்கு?" என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினோம்.

2023 பங்குனியில் என் கணவர் தவறிவிட்டார். கடையைப் பார்க்க ஆளில்லாததால் மகன் வேலையை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். சித்திரையில் மருமகளும் மூன்று வயதுப் பேத்தியும் வந்தார்கள். மருமகள் அப்போது மூன்று மாதம். அவசரத்தில் இருவருக்கும் எடுத்தது டூரிஸ்ட் விசா. "ஒரு வருஷத்துக்கு இருக்கு, கவலைப்படாதீங்க" என்று எடுத்துக் கொடுத்தவர் சொன்னதை நம்பினோம்.

ஆனிக் கடைசியில் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. வீட்டில் இடம் போதாமல், எல்லாரும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கலாம் என்று போனோம். ஆளுக்கொரு அடையாள அட்டை கேட்டார் மேனேஜர். மருமகள் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

"வெளிநாட்டுக்காரங்க தங்கினா 'சி' பாரம் நிரப்பி 24 மணி நேரத்துக்குள்ள தகவல் கொடுக்கணும்மா" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். "இவளா வெளிநாட்டுக்காரி? காலையில எங்களுக்கெல்லாம் கொழுக்கட்டை அவிச்சுப் போட்டதே இவதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விசாவையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "தம்பி, ஒரு வருஷம்கிறது வந்து போறதுக்கு. ஒரு தடவை வந்தா எத்தனை நாள் இருக்கலாம்னு தனியா போட்டிருக்கு. அந்தக் கணக்குப்படி உங்களுக்குப் பதினொரு நாள்தான் பாக்கி."

அருவி இரைச்சலெல்லாம் என் காதிலிருந்து போய்விட்டது.

மறுநாளே தெரிந்த வக்கீலிடம் ஓடினோம். அவர் சொன்னதைக் கேட்டு வயிறு கலங்கியது. இந்தியரைக் கட்டிக்கொண்டதால் மட்டும் ஒரு பெண் இந்தியக் குடிமகள் ஆகிவிட மாட்டாளாம். அதோடு, 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்கு, தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் பிறப்பால் குடியுரிமை வந்துவிடாது. மற்றவர் சட்ட விரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கிவிட்டவரையும் சட்டம் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. பேசாமல் இருந்திருந்தால், ஐப்பசியில் பிறக்கப்போகும் பிள்ளைக்கே வில்லங்கமாகியிருக்கும்!

ஆறு மாத வயிற்றோடும் பேத்தியோடும் மருமகள் திருச்சியிலிருந்து விமானம் ஏறினாள். துணைக்கு மகனும் போனான். "பயப்படாதீங்க அத்தை, பிள்ளை நம்ம வீட்லதான் பிறக்கும்" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கல்யாணச் சான்றிதழையும் மகனின் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, இந்தியரின் மனைவிக்கும் பிள்ளைக்கும் தரும் 'என்ட்ரி' விசா வாங்கினார்கள். இதை 'எக்ஸ் விசா' என்றும் சொல்வார்கள். ஊருக்கு வந்த பதினாலு நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவும் முடித்தோம். முன்போல் அலைய வேண்டியதில்லை, 2018 முதல் கம்ப்யூட்டர் மூலமே விண்ணப்பிக்கலாம். ஐப்பசியில் தென்காசியிலேயே பேரன் பிறந்தான்.

இப்போது பேரன் இந்தியக் குடிமகன். அங்கே பிறந்த அவன் அக்காவோ மலேசியப் பிரஜை! மருமகளுக்கும் பேத்திக்கும் பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கிவிட்டோம். அது இருந்தால் ஆயுசுக்கும் விசா வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. ஏழு வருஷம் இங்கேயே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமாம். சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். அது அவள் இஷ்டம். பெற்றவர்கள் இருக்கும் நாட்டை விடு என்று சொல்ல நான் யார்?

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

* கல்யாணத்தை உடனே பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எந்த மதத்தினரும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

* குடும்பத்தோடு தங்க வருகிறவர்களுக்கு டூரிஸ்ட் விசா எடுக்காதீர்கள். விசா எதுவானாலும், அது முடியும் தேதி வேறு, தங்க அனுமதித்த நாள் வேறு. இரண்டையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

* பதிவுத் திருமணமாகி இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தபின் ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கலாம். இது தெரிந்திருந்தால் நாங்கள் முன்பே வாங்கியிருப்போம். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர் என்றாலும் இதே விதிதான்.

* வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால், ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்திருக்கக் கூடாது.

பேரனுக்குப் பேர் வைத்த அன்று, அந்த லாட்ஜ் மேனேஜருக்கு அல்வா கொண்டுபோய்க் கொடுத்தேன். "என் வேலையைத்தானேம்மா செஞ்சேன்" என்றார். நான் அன்று 'எதுக்கு' என்று கேட்ட அந்தக் கல்யாணச் சான்றிதழ், இப்போது பூஜை அறைத் தகரப் பெட்டியில், என் நகைகளோடு பத்திரமாக இருக்கிறது.

- ஒரு வாசகி, தென்காசி.