அவசர வேளைக்கு வோக்கி டோக்கி: வாங்குமுன் அறிய வேண்டியவை

வெள்ளத்திலும் புயலிலும் மின்சாரம் அற்றுப்போகிறது. கோபுரத்துப் பற்றரி தீர்ந்ததும் கைத்தொலைபேசியும் ஓய்ந்துவிடுகிறது. அவ்வேளையில் குளக்கட்டில் நிற்பவர் குடியிருப்பில் உள்ளோரை எச்சரிக்க உதவுவது வோக்கி டோக்கி. அதற்குக் கோபுரம் தேவையில்லை. ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்கு நேரே பேசலாம். ஆனால், நாம் பேசுவதைப் பிறர் கேட்பார்களா?

சாதாரண கருவியாயின் கேட்பார்கள். ‘பிரைவசி கோட்’ உண்டு என்று சொல்லி விற்பதை நம்பிவிடக்கூடாது. அது எமது குரலோடு செல்லும் காதுக்குப் புலப்படாத ஒரு தொனி மட்டுமே. அத்தொனி இல்லாத பேச்சை எமது கருவி ஒலிக்காது. எமது பேச்சையோ அது மறைப்பதில்லை. அதே அலைவரிசையில் தொனியை நிறுத்திவைத்திருப்பவர் யாவற்றையும் கேட்பார்.

பேச்சை உண்மையில் மறைப்பவை, மறைகுறியாக்க வசதியுள்ள டிஜிட்டல் கருவிகள். ‘ஏ.ஈ.எஸ். 256’ என்பது அவற்றுள் வலிமையான முறை. இவை விலை கூடியவை. எல்லாக் கருவிகளிலும் ஒரே திறவுகோல் இருக்கவேண்டும். ஒன்று தொலைந்தால் மற்ற யாவற்றிலும் அதை மாற்றவேண்டும்.

ஆகவே, எமக்கு மறைவு எவ்வளவு தேவை எனச் சிந்திப்போம். “தண்ணீர் ஏறுகிறது, மேட்டுக்குப் போங்கள்” என்பதை அயலவரும் கேட்பது நன்மையே. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எங்கே பெண்கள் தனித்திருக்கிறார்கள், யார் நோயுற்றிருக்கிறார் என்பவையே வெளியே போகக்கூடாதவை. வீடுகளுக்கு முன்கூட்டியே இலக்கமிட்டு, பெயர் சொல்லாது பேசினால் சாதாரண கருவியே பெரும்பாலும் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. அனுமதி: 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி வானொலிக் கருவிகளைப் பாவிக்க அனுமதிப்பத்திரம் தேவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அலைவரிசையைக் கேட்டறிந்த பின்பே பணம் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவில் 446 மெகாஹேட்ஸில் அனுமதியின்றிப் பாவிப்பதால் இங்கும் பாவிக்கலாம் என எண்ணலாகாது.

2. தூரம்: பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கே பொருந்தும். மரமும் மேடும் அதைக் குறைக்கும். வயல்வெளிக்கு வி.எச்.எவ். அலை ஏற்றது, கட்டடங்களிடையே யூ.எச்.எவ். நல்லது. வாங்குமுன் குளக்கட்டிலிருந்து பேசிப் பாருங்கள். அன்ரனா உயர உயரத் தூரமும் கூடும்.

3. பற்றரி: மேலதிகமாக ஒன்றும், சூரிய ஒளியில் ஏற்றும் வழியும் வேண்டும். தண்ணீர் புகாத கருவி சிறந்தது.

கருவியைப் பூட்டிவைத்தால் பயனில்லை. வாரம் ஒரு தடவை குறித்த நேரத்தில் பேசிப் பழகுங்கள். கையாளத் தெரிந்தவர்கள் ஊருக்கு மூவராவது இருக்கட்டும். அவர்களுள் ஒருவராவது பெண்ணாயிருக்கட்டும். தொலைபேசி இயங்கும்வரை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.