சொன்னது யார்? – 9: ஜெஃபர்சன் சொல்லாததும் உத்திரமேரூர் செய்ததும்

மக்கள் அரசுக்குப் பயந்தால் கொடுங்கோன்மை, அரசு மக்களுக்குப் பயந்தால் சுதந்திரம். இந்தப் பொருளில் ஒரு வாக்கியம் தேர்தல் காலத்தில் வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றும். கீழே தாமஸ் ஜெஃபர்சன் பெயர் இருக்கும். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர். சொல்லியிருப்பார் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

அவர் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையைப் பராமரிக்கும் ஆய்வாளர்கள் அவருடைய எழுத்துகளில் தேடிப் பார்த்து, இது அவருடையது அல்ல என்று பட்டியலிட்டுவிட்டார்கள். இந்த வடிவில் அது அச்சில் கிடைப்பது 1914இல், ஜெஃபர்சன் இறந்து 88 ஆண்டுகள் கழித்து. சோஷலிசம் வேண்டுமா வேண்டாமா என்று ஜான் பேசில் பார்ன்ஹில், ஹென்றி டிச்செனர் என்ற இருவர் நடத்திய விவாதம் செயின்ட் லூயிஸ் நகரில் சிறு நூலாக வந்தது. அதில் வேண்டாம் என்று வாதாடிய பார்ன்ஹில்லின் வாக்கியம் இது. பார்ன்ஹில்லை யாருக்குத் தெரியும்? பெரிய பெயர் ஒன்று கிடைத்ததும் வாக்கியம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

சரி, அரசு எப்படிப் பயப்படும்? பார்ன்ஹில்லின் வாக்கியத்தில் அதற்கு வழி இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது.

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இவற்றைத்தான். 30 குடும்புகள் (இன்றைய வார்டுகள் மாதிரி), பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில், ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பான், அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! ஆளை நம்பாத இந்தச் சந்தேக புத்திதான் எனக்குப் பிடித்தது.

பாடப்புத்தகம் குடத்தோடு நின்றுவிடுகிறது. எனக்குக் குடத்தைவிடப் பெரிதாகப் படுவது தகுதியிழப்புப் பகுதி. வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவனோடு முடியவில்லை: சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், அப்பாவோடும் அம்மாவோடும் பிறந்தவர்கள், அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனன், அக்காள் தங்கை கணவன், அவர்கள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன், ஒருவர் பெயரும் கூடாது. ஏரி வாரியத்தில் ஒருவன் கணக்கை அமுக்கினால் பந்தியில் உட்கார முடியாதபடி சொந்தக்காரர்களே அவனைப் பிடுங்கி எடுத்திருப்பார்கள். பினாமி என்ற சொல் வருவதற்கு முன்பே அதற்குக் கதவடைத்திருக்கிறார்கள். ஒழுங்காக இருந்தவனும் ஒருமுறை பதவி வகித்தால் மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைக் குறிப்பிட்டார். பெருமைதான். ஆனால் அந்தச் சொந்தக்காரர் பட்டியலை இன்றைய வேட்புமனுவில் சேர்த்துப் பாருங்கள். எத்தனை கட்சிக்கு ஆள் மிஞ்சும்?

பெருமையில் ஒரு பாதியை மறைக்கவும் கூடாது. இது பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் இடமில்லை. வாரியத்தார் சபைக்குப் பயந்தார்கள். உழுதவன் பயந்தது வாரியத்தாருக்கு. இந்தப் பக்கம் எவ்வளவு பயம் இருந்தது என்பதை எந்தச் சுவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த வாரம்: உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லும் உன் உரிமைக்காகப் போராடுவேன் என்று வால்டேர் சொன்னாரா? 1906இல் அதை எழுதிய பெண் யார்?

(தொடரும்)