ஸ்டீமிட்

ஸ்டீமிட் என்பது பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டுத் தொழில்நுட்பத்தின் மீது இயங்கும் ஒரு சமூக வலைத்தளம் ஆகும். நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் ஆகிய இருவரும் 2016 ஆம் ஆண்டில் இதனை ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கினர். இத்தளத்தில் எழுதுவோருக்கும், பிறர் எழுதியவற்றுக்கு வாக்களிப்போருக்கும் ஸ்டீம் என்னும் எண்ணிம நாணயம் வெகுமதியாக வழங்கப்படுகிறது. எவராலும் தணிக்கை செய்ய இயலாத தளம் என இது அறிமுகப்படுத்தப்பட்டது. எனினும் 2016 இல் நிகழ்ந்த கொந்தர் தாக்குதலும், 2020 இல் எழுந்த கட்டுப்பாட்டுப் போட்டியும் அக்கூற்றின் எல்லைகளை வெளிப்படுத்தின.

செயற்படும் முறை

வழமையான சமூக வலைத்தளங்களில் பயனர் எழுதுபவை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. நிறுவனம் விரும்பினால் அவற்றை அழிக்கலாம். ஸ்டீமில் ஒவ்வொரு பதிவும், வாக்கும், பணப் பரிமாற்றமும் 3 நொடிகளுக்கு ஒரு முறை உருவாகும் கட்டங்களில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டத்துடன் கணித முறையில் பிணைக்கப்பட்டிருக்கும். இத்தொடரேட்டின் படிகள் உலகின் பல இடங்களிலுள்ள வழங்கிகளில் இருப்பதால், ஒரு படியை மட்டும் திருத்துவதால் பயனில்லை.

கட்டங்களை உருவாக்குவோர் சாட்சிகள் என அழைக்கப்படுவர். ஒவ்வொரு சுற்றிலும் 21 சாட்சிகள் கட்டங்களை உருவாக்குகின்றனர். இவர்களுள் 20 பேர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவர்கள். எஞ்சிய ஓர் இடம் மற்ற சாட்சிகளுக்கு முறைவைத்து வழங்கப்படும். தொடரேட்டின் விதிகளை மாற்ற 17 சாட்சிகளின் இசைவு வேண்டும்.

இவ்வாக்கெடுப்பில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறை இல்லை. ஒருவர் பூட்டி வைத்துள்ள ஸ்டீம் நாணயங்களின் அளவே அவரது வாக்கின் எடை ஆகும். மேலும் ஒருவர் தமது முழு எடையுடன் 30 சாட்சிகள் வரை வாக்களிக்கலாம். ஆகவே, வாக்களிக்கப்பட்ட நாணயங்களில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால், 20 இடங்களில் பாதியை அன்றி, 20 இடங்களையும் அவரே நிரப்பிவிட முடியும். பின்னாளில் எழுந்த சிக்கலின் வேர் இதுவே.

திறவுகோல்கள்

பிளாக்செயினில் கடவுச்சொல்லை மீட்டுத் தரும் நடுவண் அலுவலகம் எதுவும் இல்லை. கடவுச்சொல் திருடப்பட்டால் பணமும் பெயரும் ஒருங்கே பறிபோகும். இவ்விடரைக் குறைக்க ஸ்டீமில் நால்வகைத் திறவுகோல்கள் உள்ளன.

* பதிவுத் திறவுகோல்: எழுதவும் வாக்களிக்கவும் மட்டும் பயன்படுவது.
* செயல் திறவுகோல்: நாணயங்களை அனுப்பப் பயன்படுவது.
* உரிமைத் திறவுகோல்: மற்றத் திறவுகோல்களை மாற்ற வல்லது.
* குறிப்புத் திறவுகோல்: மறையீடு செய்த குறிப்புகளைப் படிக்க உதவுவது.

நாள்தோறும் பதிவுத் திறவுகோலை மட்டும் பயன்படுத்தி, உரிமைத் திறவுகோலை இணையத்தில் இல்லாத ஓரிடத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பான முறை ஆகும். போலி இணைப்புகள் மூலம் திறவுகோல்களைக் களவாடும் தூண்டில் மோசடியில் பதிவுத் திறவுகோல் பறிபோனாலும், நாணயங்களை அதனைக் கொண்டு எடுக்க முடியாது.

2016 தாக்குதல்

2016 சூலை 4 அன்று முதல் வெகுமதிகள் வழங்கப்பட்டதும் ஸ்டீம் நாணயத்தின் மதிப்பு விரைவாக உயர்ந்தது. பத்து நாட்களுக்குப் பின்னர், சூலை 14 அன்று, கொந்தர்கள் இத்தளத்தைத் தாக்கினர். 260 க்கும் குறைவான கணக்குகள் பாதிக்கப்பட்டதாகவும், 85,000 அமெரிக்க டாலருக்கும் குறைவான மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டதாகவும் நிறுவனம் அறிவித்தது.

இதனைத் தொடர்ந்து தொடரேட்டின் விதிகள் மாற்றப்பட்டு, களவுபோன கணக்குகளை மீட்கும் வசதி சேர்க்கப்பட்டது. உரிமைத் திறவுகோல் மாற்றப்பட்ட 30 நாட்களுக்குள், பழைய திறவுகோலைக் காட்டியும், முன்னரே குறிக்கப்பட்ட ஒரு நம்பகக் கணக்கின் ஒப்புதலைப் பெற்றும் உரியவர் தமது கணக்கை மீட்கலாம். பயனர்களைக் காக்கும் ஏற்பாடே ஆயினும், போதிய சாட்சிகள் இசைந்தால் எவ்விதியையும் மாற்றலாம் என்பதை இது தொடக்கத்திலேயே காட்டியது.

2020 கட்டுப்பாட்டுப் போட்டி

தொடரேடு தொடங்கப்பட்ட காலத்தில் ஸ்டீமிட் நிறுவனம் பெருந்தொகை நாணயங்களைத் தன்வசம் வைத்துக்கொண்டது. இது மொத்த நாணயங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. இதனைத் தளத்தின் வளர்ச்சிக்கே செலவிடுவதாகவும், சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்துவதில்லை எனவும் நிறுவனம் கூறிவந்தது.

2020 பெப்ரவரி 14 அன்று, டிரான் பிளாக்செயினின் நிறுவனரான ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கியதாக அறிவிக்கப்பட்டது. பழைய வாக்குறுதியைப் புதிய உரிமையாளர் காப்பாற்றுவாரா என ஐயுற்ற சாட்சிகள், அதே மாத இறுதியில் மென்கிளைப்பு எனப்படும் மென்பொருள் மாற்றத்தின் மூலம் நிறுவனத்தின் நாணயங்களை முடக்கினர்.

மார்ச் 2 அன்று நிலைமை தலைகீழானது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைப்பிலிட்டிருந்த ஸ்டீம் நாணயங்கள் பூட்டப்பட்டு, அவற்றின் எடையைக் கொண்டு புதிய சாட்சிகளுக்கு வாக்களிக்கப்பட்டது. முதல் 20 இடங்களிலும் இருந்தோர் அகற்றப்பட்டனர், முடக்கமும் நீக்கப்பட்டது. பூட்டிய நாணயங்களை முழுமையாக விடுவிக்க 13 வாரங்கள் ஆகும் என்பதால், வைப்பாளர்களின் பணம் அவர்களது இசைவின்றியே சிக்கிக்கொண்டது. வழமையான மேம்படுத்தல் என எண்ணியே ஆதரவளித்ததாகக் கூறிய பைனான்ஸ் பின்னர் தன் வாக்குகளைத் திரும்பப் பெற்றது. ஹுவோபியும் அவ்வாறே செய்தது.

இந்நிகழ்வில் கணினிப் பிழை எதுவும் பயன்படுத்தப்படவில்லை; மறையீடும் உடைக்கப்படவில்லை. விதிகளுக்கு உட்பட்டே ஆட்சி கைமாறியது. அதனாலேயே இது பிளாக்செயின் ஆளுகை குறித்த முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஹைவ்

2020 மார்ச் 20 அன்று, பழைய சாட்சிகளும் பயனர்களில் ஒரு பகுதியினரும் வன்கிளைப்பு மூலம் பிரிந்து ஹைவ் என்னும் புதிய தொடரேட்டைத் தொடங்கினர். அதுவரை எழுதப்பட்ட பதிவுகள் அனைத்தும் இரு தொடரேடுகளிலும் இடம்பெற்றன. ஸ்டீம் வைத்திருந்தோருக்கு இணையான அளவில் ஹைவ் நாணயங்கள் வழங்கப்பட்டன; ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்குக்கு வழங்கப்படவில்லை.

2020 மே 20 அன்று ஸ்டீமின் புதிய சாட்சிகள் மற்றொரு வன்கிளைப்பை நிறைவேற்றி, 64 கணக்குகளிலிருந்த 2.36 கோடி ஸ்டீம் நாணயங்களைப் பறிமுதல் செய்தனர். ஆனால் அவை கொண்டுசெல்லப்பட்ட கணக்கிலிருந்து, அடையாளம் அறியப்படாத ஒருவர் அவற்றைப் பிட்ரெக்ஸ் என்னும் நாணயச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். பிட்ரெக்ஸ் அவற்றை முடக்கி வைத்தது.

கருத்துச் சுதந்திரம்

ஸ்டீமைப் பொறுத்தவரை தொடரேடு வேறு, அதனைக் காட்டும் வலைத்தளம் வேறு. தொடரேட்டில் உள்ள பதிவை அழிப்பது கடினம். வலைத்தளத்தில் அதனை மறைப்பது எளிது. ஸ்டீமிட் தளத்தின் திறந்த மூல நிரலில், பதிப்புரிமை முறையீட்டுக்கு உள்ளான பதிவுகளை மறைப்பதற்கான பட்டியல் இருந்தது. 2020 பிரிவினையின்போது ஹைவ் குறித்த பதிவுகள் மறைக்கப்படுவதாகப் பயனர்கள் குற்றஞ்சாட்டினர். மறைக்கப்பட்ட பதிவை அதே தொடரேட்டைப் படிக்கும் வேறொரு வலைத்தளம் வழியாகக் காண இயலும். எனினும் பெரும்பாலான வாசகர்கள் ஒரே வாயிலைப் பயன்படுத்தும்போது, மறைத்தலுக்கும் அழித்தலுக்கும் இடையிலான வேறுபாடு நடைமுறையில் குறைந்துவிடுகிறது.

எதிர்வாக்கும் சிக்கலுக்குரியது. மிகுதியான நாணயம் உடைய ஒருவர் எதிர்வாக்களித்து, ஒரு பதிவின் வெகுமதியை நீக்கவும் அதனை மங்கலாக்கவும் இயலும். எரிதங்களையும் கருத்துத் திருட்டையும் தடுக்க இது தேவை என்பர் ஆதரவாளர்; செல்வந்தர் கையிலுள்ள தணிக்கைக் கருவி என்பர் எதிர்ப்போர். மறுபுறம், அழிக்க இயலாமையும் தீங்கு விளைவிக்கலாம். ஒருவரது முகவரியோ அந்தரங்கப் படத்துக்கான இணைப்போ தொடரேட்டில் எழுதப்பட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவர் முறையிடுவதற்கு உரிய இடம் இல்லை.

இந்தியச் சூழல்

பதிவு அழியாதிருப்பது எழுதியவரைக் காப்பதாகாது. 2012 அக்டோபரில், விழுப்புரம் மாவட்டம் கண்டமங்கலத்தை அடுத்துள்ள புதுச்சேரியில், சிறு தொழில் நடத்திவந்த ஒருவர் அப்போதைய நடுவண் நிதியமைச்சரின் மகனைக் குறித்து டுவிட்டரில் எழுதியமைக்காகக் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தோர் 16 பேர் மட்டுமே எனச் செய்திகள் வெளியாயின. மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு அவர் மீது பாய்ந்தது.

2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 66அ பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறி நீக்கியது. வலைத்தளங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரமளிக்கும் 69அ பிரிவு செல்லும் எனவும் அதே தீர்ப்பு கூறியது. ஆகவே பிளாக்செயினில் எழுதப்பட்ட ஒரு பதிவு அழியாதிருப்பினும், அதனைக் காட்டும் வலைத்தளத்தை இந்தியாவில் தடைசெய்ய இயலும். எழுதியவர் மீது பிற சட்டங்களின்கீழ் வழக்குத் தொடரவும் இயலும். பொது ஏட்டில் அழியாமல் நிற்கும் பதிவு, எழுதியவரின் அடையாளம் தெரியவரும் நாளில் அவருக்கு எதிரான சான்றாகவும் அமையக்கூடும்.