மூச்சை மெதுவாக்கினால் பிபி குறையுமா? 'பயோஃபீட்பேக்' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

"பிபி மாத்திரையை ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே!" இந்த பயத்திலேயே மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்களும், பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு. 2021-ல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 128 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. இவர்களுக்கு மருந்தில்லா வழியாகச் சொல்லப்படுவதில் ஒன்று பயோஃபீட்பேக். அது உண்மையிலேயே பலன் தருமா?

பயோஃபீட்பேக் என்றால் என்ன?

இதயத் துடிப்பு, தோலில் வியர்வை, தசை இறுக்கம் இதெல்லாம் நாம் கவனிக்காமலேயே உடம்புக்குள் மாறிக்கொண்டே இருக்கும். சென்சார்களைப் பொருத்தி, இந்த மாற்றங்களை அப்போதைக்கப்போது திரையிலோ ஒலியாகவோ காட்டுவதுதான் பயோஃபீட்பேக். கண்ணாடியைப் பார்த்து தலை வாருவது போல, திரையைப் பார்த்துக்கொண்டே மூச்சை மெதுவாக்கி, உடம்பைத் தளர்த்தப் பழக வேண்டும். பழகிவிட்டால் கருவி இல்லாமலும் செய்யலாம்.

பிபி எப்படி குறைகிறது?

டென்ஷன் ஆகும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும். பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். இதை 10-க்கும் கீழே கொண்டுவந்தால், டென்ஷனைத் தூண்டும் நரம்புகளின் வேகம் தணிந்து ரத்தக் குழாய்கள் தளர்கின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் மருத்துவராக இருந்த சந்திரா படேல், 1975-ல் 'லான்செட்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். மொத்தம் 34 நோயாளிகள். யோகா முறை தளர்வுப் பயிற்சியும் பயோஃபீட்பேக்கும் சேர்த்து 6 வாரம் பெற்றவர்களின் சராசரி பிபி 168/100-லிருந்து 141/84 ஆகக் குறைந்தது. இந்தப் பயிற்சி பெறாத மற்றொரு குழுவுக்கு 169/101-லிருந்து 160/96 ஆனது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு. பலன் யோகாவாலா, கருவியாலா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

மூச்சை மெதுவாக்க வழிகாட்டும் 'ரெஸ்பரேட்' கருவிக்கு அமெரிக்க எஃப்டிஏ 2002-ல் அனுமதி அளித்தது. அதுவும் மருந்துக்குத் துணையாகத்தான். 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தயாரிப்பாளரின் நிதியுதவி பெற்ற ஆய்வுகளை நீக்கியதும் பலன் உறுதியாகத் தெரியவில்லை.

அமெரிக்க இதய சங்கம் 2013-ல் பயோஃபீட்பேக்குக்குக் கொடுத்த இடம், 'செய்து பார்க்கலாம்' என்ற அளவில்தான். அதே அறிக்கையில் வேக நடை போன்ற உடற்பயிற்சிக்கு மிக உயர்ந்த பரிந்துரை கிடைத்தது.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. பயிற்சி செய்த கொஞ்ச நேரத்துக்கு அளவு குறைவாகக் காட்டலாம். அதை நம்பி மாத்திரையை விட்டால் பிபி மறுபடி ஏறும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரக பாதிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். தொடர்ந்து அளவு குறைந்தால், டோஸைக் குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

* நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை அடக்க வேண்டாம்.

* தினமும் 10 முதல் 15 நிமிடம் போதும். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். இதய, நுரையீரல் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* கையில் கட்டும் பிபி மிஷினில் அளவைப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு முன் 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட் கூடாது.

* 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு குழறல் இருந்தால் மூச்சுப் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உப்பைக் குறைப்பது, நடப்பது, நேரத்துக்கு மாத்திரை. இவற்றோடு சேர்த்துச் செய்ய பயோஃபீட்பேக் நல்ல துணை. இவற்றுக்குப் பதிலாக அல்ல.