18-18 டை... முடிவு ஒருவர் கையில்! ராணியை அனுப்பிவிட்டு டிரினிடாட் உருவாக்கிய நாற்காலியின் கதை

2001 டிசம்பர். வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி கரீபியன் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபேகோவில் தேர்தல் முடிவு வெளியானது. மொத்தம் 36 தொகுதிகள். ஆளும் யு.என்.சி-க்கு 18, எதிர்க்கட்சியான பி.என்.எம்-முக்கு 18. அப்படியே டை!

யார் பிரதமர்? வழக்கமாக ரிப்பன் வெட்டுவது, பதவிப் பிரமாணம் செய்து வைப்பது, விருது கொடுப்பது என்று இருந்த குடியரசுத் தலைவரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது கேள்வி. 'அலங்காரப் பதவிதானே' என்று பலரும் நினைத்த நாற்காலி, ஒரே இரவில் நாட்டின் மிக முக்கியமான நாற்காலியாக மாறியது.

அந்த நாற்காலி எப்படி வந்தது?

ராணி எப்போது போனார்?

டிரினிடாட் 1962 ஆகஸ்ட் 31-ல் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் பெற்றது. ஆனால், நாட்டின் தலைவர் அப்போதும் இரண்டாம் எலிசபெத் ராணிதான். அவருக்குப் பதிலாக உள்ளூரில் ஒரு கவர்னர் ஜெனரல் இருந்தார். முதலில் சாலமன் ஹோச்சோய், 1972-லிருந்து எல்லிஸ் கிளார்க்.

1970-ல் 'பிளாக் பவர்' போராட்டம் வெடித்தது. 'கொடி மாறியது, நம் வாழ்க்கை மாறியதா?' என்ற கோபம் தெருவுக்கு வந்தது. அதன்பிறகு, ஹியூ வூடிங் தலைமையில் அரசியல் சட்ட ஆணையம் அமைக்கப்பட்டது. கடைசியில் நாடாளுமன்றமே புது அரசியல் சட்டத்தை நிறைவேற்ற, 1976 ஆகஸ்ட் 1-ல் நாடு குடியரசானது. மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. புது நாடாளுமன்றம் முதன்முதலில் கூடிய செப்டம்பர் 24-ஐத்தான் அங்கே குடியரசு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

முதல் குடியரசுத் தலைவர் யார்? அதே எல்லிஸ் கிளார்க்தான்! ஆள் மாறவில்லை, பதவியின் பெயர் மாறியது.

அப்படியென்றால் எதுவுமே மாறலையா?

மாறியது. கவர்னர் ஜெனரலை நியமித்தது ராணி. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த தேர்தல் குழு, அதுவும் ரகசிய வாக்கெடுப்பில். பதவிக்காலம் 5 ஆண்டுகள்.

இன்னொரு முக்கியமான விஷயம் செனட். அதன் 31 உறுப்பினர்களில் 16 பேர் பிரதமரின் தேர்வு, 6 பேர் எதிர்க்கட்சித் தலைவரின் தேர்வு. மீதி 9 சுயேச்சை உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் யாரையும் கேட்காமல் தானே நியமிக்கலாம். ஆக, வெறும் கையெழுத்துப் போடும் பதவி அல்ல இது.

1990: கையெழுத்தின் விலை

1987-ல் கிளார்க்குக்குப் பிறகு வந்தவர் நூர் ஹசனாலி. இந்திய வம்சாவளி முஸ்லிம், முன்னாள் நீதிபதி. 1990 ஜூலை 27-ல் 'ஜமாத் அல் முஸ்லிமீன்' என்ற ஆயுதக் குழு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, பிரதமர் ஏ.என்.ஆர். ராபின்சன் உட்படப் பலரைப் பிணைக் கைதிகளாகப் பிடித்தது. ராபின்சனின் காலில் சுட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹசனாலி நாட்டில் இல்லை. பொறுப்புத் தலைவராக இருந்த இம்மானுவேல் கார்ட்டர்தான் குழுவினருக்கான பொது மன்னிப்பில் கையெழுத்திட்டார். 6 நாள்களில் குழு சரணடைந்தது. அந்த மன்னிப்பு செல்லாது என்று 1994-ல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அவர்களை மீண்டும் விசாரிக்க முடியாமல் போனது.

தீர்ப்பு சொன்னது யார் தெரியுமா? லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சில். ராணி போனாலும், இன்றுவரை டிரினிடாட்டின் கடைசி அப்பீல் அங்கேதான்.

பிணைக் கைதி, குடியரசுத் தலைவரானபோது...

1995 தேர்தலில் பெரிய கட்சிகள் இரண்டுக்கும் தலா 17 இடங்கள். 2 இடங்களை வைத்திருந்த ராபின்சனின் கட்சி கைகொடுக்க, பாஸ்டியோ பாண்டே பிரதமரானார். இந்திய வம்சாவளியிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் நபர் அவர். 1997-ல் பாண்டே தரப்பின் ஆதரவோடு ராபின்சன் குடியரசுத் தலைவரானார்.

ஆனால், நட்பு நீடிக்கவில்லை. 2000 தேர்தலில் தோற்ற 7 பேரை செனட் வழியாக ஆட்சிக்குள் கொண்டுவர பாண்டே முயன்றபோது, ராபின்சன் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில்தான் இறங்கிவந்தார்.

அடுத்த ஆண்டே அந்த 18-18 டை. மொத்த ஓட்டில் பாண்டேயின் கட்சி கொஞ்சம் முன்னிலையில் இருந்தது. பிரதமர் நாற்காலியில் இருந்ததும் அவர்தான். ஆனால் டிசம்பர் 24 அன்று ராபின்சன் கைகாட்டியது எதிர்க்கட்சித் தலைவர் பேட்ரிக் மானிங்கை! தார்மிக, ஆன்மிக மதிப்பீடுகளைக் காரணமாகச் சொன்னார்.

தலைவர் யாரைச் சொன்னாலும் ஏற்பதாக முன்பு ஒப்புக்கொண்டிருந்த பாண்டே, கொதித்துப்போனார். அவையில் இரு தரப்பும் சமம் என்பதால் சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. 2002 அக்டோபரில் மறுதேர்தல் வந்து, மானிங் 20-16 என்று ஜெயித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

ராபின்சன் செய்தது சரியா? அவர் ஆதரவாளர்களுக்கு அது மனசாட்சி. எதிராளிகளுக்கு அது பழிவாங்கல். அரசியல் சட்டமோ, 'பெரும்பான்மை யாருக்கு?' என்ற கேள்விக்கு விடையே இல்லாதபோது, முடிவை ஒரு மனிதரின் மனதுக்கு விட்டுவிட்டது.

இப்போது யார்?

அடுத்து ஜார்ஜ் மேக்ஸ்வெல் ரிச்சர்ட்ஸ், ஆண்டனி கார்மோனா, 2018-ல் முதல் பெண் தலைவராக பவுலா-மே வீக்ஸ் என்று வரிசை நீண்டது. 2023 முதல் கிறிஸ்டீன் கங்காலூ. பி.என்.எம். செனட்டராக இருந்தவர் என்பதால் அவரது தேர்வை யு.என்.சி. எதிர்த்தது, போட்டி வேட்பாளரையும் நிறுத்தியது. 2025 மே மாதம், அதே யு.என்.சி-யின் கம்லா பெர்சாத் பிசேசருக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், அதே கங்காலூ!

பார்படாஸ் 2021-ல் குடியரசானது. ஜமைக்காவில் 2024 டிசம்பரில் அதற்கான மசோதா தாக்கலானது. இந்த நாடுகளில் விவாதம் பெரும்பாலும் 'மன்னர் வேண்டுமா, வேண்டாமா?' என்பதில்தான் சூடு பிடிக்கிறது. டிரினிடாட்டின் அனுபவம் காட்டுவது வேறு. மன்னரை அனுப்புவதற்கு ஒரு சட்டம் போதும். காலியான நாற்காலியில் யார் உட்காருவார், அவரை யார் தேர்ந்தெடுப்பார், டை விழுந்தால் எந்த விதியை வைத்து முடிவெடுப்பார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால், அது நெருக்கடி நேரத்தில்தான் தெரியவரும்.