மோல்டாவின் கரும்பறவை

துப்பறியும் கதையொன்றின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுபவரை நாம் எளிதில் மன்னிப்பதில்லை. கொலையாளி யாரெனத் தெரிந்தபின் அக்கதையில் எஞ்சுவது யாது? நானும் இவ்வாறே எண்ணியிருந்தேன். 1941ஆம் ஆண்டில் ஹொலிவூட்டிலே உருவான ‘த மோல்டீஸ் பல்கன்’ என்னும் படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தேன்.

டஷீல் ஹமெற் 1930இல் நூலாக வெளியிட்ட நாவல் அது. வார்ணர் நிறுவனத்தார் 1931இலும் 1936இலும் அதனைப் படமாக்கியிருந்தனர். மூன்றாம் முறை அப்பொறுப்பை ஏற்ற ஜோன் ஹூஸ்டனுக்கு நெறியாளர் என்ற வகையில் அதுவே முதற்படம். முன்னையவை மங்கிப்போக, இதுவே நிலைபெற்றது.

சன் பிரான்சிஸ்கோ நகரத்துத் துப்பறிவாளன் சாம் ஸ்பேட். நடிப்பவர் ஹம்பிரி போகார்ட். பெண்ணொருத்தி உதவி நாடி வருகிறாள். அன்றிரவே அவனுடைய கூட்டாளி ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். எல்லாவற்றுக்கும் பின்னணியில், பொன்னும் மணியும் இழைத்துக் கரும்பூச்சால் மறைக்கப்பட்டதெனச் சொல்லப்படும் பறவைச் சிலையொன்று. அதனைப் பதினேழு ஆண்டுகள் தேடித்திரிந்த பருத்த உடலினன் கட்மன், இறுதியிற் கத்தியாற் சுரண்டிப் பார்க்கிறான்; உள்ளே வெறும் ஈயம்! கலங்கிய அவன், சற்றைக்கெல்லாம் தெளிந்து, மறுபடியும் தேடப் புறப்படுகிறான். ஆசையின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

ஆயினும் என்னை மீண்டும் மீண்டும் அழைப்பவன் ஸ்பேட்டே. அவன் உத்தமனல்லன். ஆர்ச்சரை அவன் மதித்ததில்லை. ஆர்ச்சரின் மனைவியோடு தகாத உறவும் கொண்டிருந்தான். கூட்டாளி இறந்ததும் அலுவலகத்திலிருந்து அவன் பெயரை அகற்றச் சொல்கிறான். அத்தகையவன், தன் மனம் நாடிய பெண்ணே கொலையாளி என வெளிப்படுத்தி, அவளைப் பொலிசாரிடம் ஒப்படைக்கிறான். கூட்டாளி கொல்லப்பட்டால் ஏதேனும் செய்தாக வேண்டும் என்கிறான். அவளை நம்பினால் தானும் ஏமாளியாவேன் என்கிறான். இவற்றுள் எது உண்மைக் காரணம்?

முதன்முறை அதனை நீதியெனக் கொண்டேன். இரண்டாம் முறை அச்சமெனக் கண்டேன். இப்போதோ இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. நல்லவர் நன்மை செய்வதில் வியப்பில்லை. எல்லாவற்றையும் விலைபேசக்கூடியவன் ஒன்றை மாத்திரம் விற்க மறுப்பதே வியப்பு.

மின்தூக்கிக் கதவின் கம்பி நிழல் அப்பெண்ணின் முகத்திற் சிறைக்கம்பியெனப் படிகிறது. அவள் கீழே செல்கிறாள். ஸ்பேட் ஈயப் பறவையை ஏந்தியவாறு படிக்கட்டுகளில் இறங்குகிறான். கொலையாளி அகப்பட்டுவிட்டாள், புதிர் மாத்திரம் அவிழவில்லை.