கூட்டுக் குதிரைப் பண்ணை... குட்டி யாருக்கு?

அந்தியூர் ஆடிச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைப் பார்த்ததுமே, ‘நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணை போடலாமா?’ என்று சிலருக்கு ஆசை வந்துவிடும். ஒருவருக்கு நிலம், இன்னொருவருக்குப் பணம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், குதிரை கறவை மாடு அல்ல. தினமும் பால் காசு வராது. சினைக்காலமே 11 மாதங்கள். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. அது சவாரிக்குத் தயாராக 3 வயதாவது ஆகவேண்டும். அதுவரை கொள்ளு, புல், லாடம், வைத்தியச் செலவெல்லாம் யார் கையிலிருந்து? தாய்க்குதிரை வயிற்றுவலியில் செத்துப்போனால் நஷ்டம் யாருக்கு? கூட்டு கசப்பது இங்கேதான்.

இதையெல்லாம் முன்கூட்டியே பத்திரமாக எழுதி, 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாவிட்டால், ஒப்பந்த உரிமையைக் கேட்டுக் கூட்டாளிமீது வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கணக்கு முடிக்கவும் மட்டுமே போடலாம். குதிரை வாங்கும் ரசீதும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.